எலும்பு எடுத்த கறி

ஒச்சப்பன் குருவிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குரு அவரைவிட வயதில் இளையவர்.

கௌதாரி பிடித்துப் பிழைத்தவர் ஒச்சப்பன். மகள் பேச்சி காய்ச்சலில் போனதும், கொன்ற பறவைகளின் பாவம்தான் அது என்று வலையை எரித்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒருநாள் காலையில் குருவிடம் கேட்டார். "கொல்றதை விட்டேன். கறியை விட்டேன். இன்னும் நெஞ்சு ஆறலையே, சாமி?"

அவரையும் அழைத்துக்கொண்டு பிச்சைக்குக் கிளம்பிய குரு, ஒச்சப்பனின் ஊருக்குப் போகும் பாதையில் திரும்பினார்.

தெருமுனையிலேயே வாசனை வந்துவிட்டது. நல்லெண்ணெயில் மிளகும் கறியும் வறுபடும் வாசனை. எந்த வீடு என்று ஒச்சப்பனுக்குத் தெரிந்தது. மகள் இறந்த நாள் இன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் மனைவி வீராயி அடுப்படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பெரிய மனுசனுக்கு வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கே! உக்காருங்க சாமி. உங்களுக்குக் கஞ்சி இருக்கு. இது பிள்ளைக்குப் படைக்க."

ஒச்சப்பன் கூரையைப் பார்த்தார். அங்கே தொங்கிய கூண்டு காலியாகத் திறந்து கிடந்தது. காட்டுக் கௌதாரிகளைக் கூவி வலைக்கு அழைக்க அவர் பழக்கிய பறவை முன்பு அதில்தான் இருந்தது. அதற்குக் கரையான் பொறுக்கிப் போட்டு வளர்த்தவள் பேச்சி.

"அது எங்க?"

"சட்டியில."

"அடிப்பாவி! அவ வளத்ததுடி."

"அவளுக்குத்தான் வறுக்கேன். போன வருசம் ஊரெல்லாம் கெஞ்சி அவளுக்குப் பிடிச்ச கௌதாரி ஒண்ணு வாங்கியாந்தேன். இந்த வருசம் யாரும் குடுக்கலை. வலையை எரிச்சது நானா? கொல்ல மாட்டேன்னு நீங்க போயிட்டீங்க. அது கழுத்தைத் திருக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

கறியைப் பேச்சியின் சின்னத் தட்டில் போட்டாள். பிறகு கணவனுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"போன வருசம் எலும்போட வச்சிட்டேன். ராத்திரி பூரா தூக்கமில்லை. நூலு மாதிரி எலும்பு, தொண்டையில சிக்குமே. நீங்க பிச்சு எடுத்துக் குடுத்தாத்தானே அவ திம்பா. என் விரலுக்கு அது தட்டுப்படலை."

ஒச்சப்பன் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். குருவின் பக்கம் திரும்பினார்.

"கறியைக் கையால தொடமாட்டேன்னு உங்க முன்னாலதானே சத்தியம் பண்ணேன், சாமி."

வீராயி தட்டை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

குரு தன் சொம்பைச் சாய்த்தார். ஒச்சப்பன் தன்னையறியாமல் கைகளை நீட்டினார். தண்ணீர் விரல்களில் விழுந்தது.

"அந்தம்மா எலும்பைத்தானே எடுக்கச் சொல்லுது," என்றார் குரு.