இரண்டு பேர் சோறு

"தாயே, இந்த உடம்பை இனிமே என்னால சுமக்க முடியாது. இது வத்துறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

குன்றின் மேல் குகை வாசலில், விழாத குறையாக வந்து உட்கார்ந்த ஓதுவார் உலகநாதர், மூச்சு திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

குகையில் இருந்த துறவி வெண்ணியம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் ஊரே அவரைத் தாயே என்றுதான் கூப்பிட்டது.

அம்மை ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"வேண்டாம் தாயே. நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"எதுக்கு?"

"உடம்பு குறையட்டும்னு."

"குறைஞ்சுதா?"

உலகநாதர் தலை குனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார். சில வருஷமாகவே உடம்பு பெருத்துக்கொண்டு வந்தது. பதிகம் பாடும்போது அடிக்கு நடுவே மூச்சு அறுந்தது. பயந்துபோய் பட்டினி கிடந்தார். வெறும் கஞ்சித் தெளிவில் நாட்களைத் தள்ளினார். போன பிரதோஷத்தன்று சன்னதியில் பாடிக்கொண்டிருந்தபடியே மயங்கி விழுந்தார்.

"குருக்கள்தான் தெளிய வச்சு அனுப்பினார். வீட்டுக்குப் போனேன். பானையை மடியில வச்சுக்கிட்டு அத்தனையும் தின்னேன் தாயே. அழுதுக்கிட்டே தின்னேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் முடியுது."

"யார் சமைக்கிறது?"

"நான்தான்."

"எத்தனை பேருக்கு?"

"எனக்கு மட்டுந்தான். வேற யார் இருக்கா?"

அம்மை செம்பை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

"குடிங்க. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டை இங்கே எடுத்துட்டு வாங்க. எப்பவும்போலச் சமைங்க. எதையும் குறைக்க வேண்டாம்."

மறுநாள் தூக்குச்சட்டியும் கையுமாக ஏறி வந்தார். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததில் உச்சி சாய்ந்துவிட்டது.

அம்மை இரண்டு இலை போட்டார். இந்த இலையில் பரிமாறினார். அந்த இலையில் பரிமாறினார். இரண்டும் நிறைந்தன. தூக்கு காலியானது.

அம்மை அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"தையலுக்கும் சேர்த்து" என்றார் உலகநாதர். "என் சம்சாரம். அவ படுக்கையில கிடந்தப்போ நான்தான் சமைச்சுப் போட்டேன். அவ போயும் சேர்ந்துட்டா. அரிசி அளக்கிற கைக்கு மட்டும் அது தெரியல. மிஞ்சினதைக் கொட்டவும் மனசு வரல. அவ பங்காச்சே."

"சாப்பிடுங்க" என்றார் அம்மை.

அவர் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது, அம்மை அப்போதுதான் இரண்டாவது கவளத்தை மென்றுகொண்டிருந்தார்.

"என்ன குழம்பு?" என்று கேட்டார்.

உலகநாதர் தன் இலையைப் பார்த்தார். அது வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. காலையில் தன் கையால் வைத்த குழம்பு. பெயர் சட்டென்று வரவில்லை.

"மோர்க்குழம்பு."

"நல்லா இருந்துதா?"

"தெரியல தாயே."

அம்மை தன் இலையிலிருந்து ஒரு வாய் அள்ளி அவர் இலையில் வைத்தார்.

அவர் அதை நாக்கில் வைத்து வாயை மூடினார். அரைத்த தேங்காயும் பச்சை மிளகாயும் வந்தன. புளிப்பு பின்னால் வந்தது. கடைசியில், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல், கொஞ்சம் சீரகம்.

"அவ பக்குவம்" என்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அதிலிருந்து தினமும் வந்தார். அம்மையின் பங்கை அம்மை உண்டார். தன் பங்கை அவர் உண்டார். முந்தி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால், அவரும் மெதுவாக மென்றார்.

"எதை விடணும், எதைச் சேர்த்துக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஒருநாள் கேட்டார்.

"நாளைக்கு என்ன சமைக்கப் போறீங்க?" என்றார் அம்மை.

இன்னொரு நாள் பொறுமை இழந்தார்.

"இத்தனை நாள் வந்தும் வேட்டிக் கட்டு அப்படியே இருக்கு தாயே. பழையபடி பட்டினி கிடந்தாலாவது சட்டுனு குறையும்."

"இன்னிக்கு வர்ற வழியில எங்கெங்கே உட்கார்ந்தீங்க?"

அவர் யோசித்தார். "பெரிய பாறையில."

"சுனைக்கிட்ட?"

"உட்காரலை."

"வளைவுல?"

அவர் திரும்பி, ஏறி வந்த பாதையைப் பார்த்தார். அம்மை அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.

மழைக்காலம் வந்து போனது. பனி வந்தது. வேட்டி இடுப்பில் ஒரு சுற்றுக் கூடுதலாக ஏறியது. அதைக் குருக்கள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் முகம் வெளிறி வந்து நின்றார். தூக்கைக் கீழே வைக்கவில்லை.

"பெரிய பாவம் பண்ணிட்டேன் தாயே."

"என்ன ஆச்சு?"

"காலையில நல்ல பசி. ஏதோ நினைப்புல அரிசியை அளந்து உலையில போட்டுட்டேன். வடிச்சப்புறந்தான் பார்த்தேன். ஒருத்தருக்குத்தான் இருக்கு. அவளுக்கு அளக்கலை. அவளை மறந்துட்டேன்."

தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இப்பவே போய் மறுபடியும் வடிச்சு எடுத்துட்டு வர்றேன்."

திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

"ஓதுவாரே."

நின்றார்.

"அவங்க கேட்டாங்களா?"

உலகநாதர் கையிலிருந்த தூக்கைப் பார்த்தார். மூடினார். கோரைப்புல்லில் காற்று ஓடி அடங்கியது.

அம்மை ஒரே ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். தம் திருவோட்டை எடுத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துக் குன்றிறங்கிப் போனார்.

உலகநாதர் தூக்கைக் கீழே வைத்தார்.

பிறகு இலை முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தானே பரிமாறிக்கொண்டார்.