ஒரே களேபரம்

ஆற்றங்கரை மடத்தில் குரங்கு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால், சீடன் மருதப்பனுக்கு அது களேபரம். சோறு அடிப்பிடித்தால் களேபரம். விபூதி வாங்க நாலு பேர் முண்டியடித்தால், "இன்னைக்கு ஒரே களேபரம் சாமி." நாற்பதைத் தாண்டியவன். வேலையில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் தாராளம்.

மடத்துச் சாமி ஒருமுறை கேட்டார். "களேபரம்னா என்ன, மருதப்பா?"

"இதோ, இதுதான்" என்று மரத்திலிருந்த குரங்கைக் காட்டினான்.



ஒரு நாள் எல்லாரும் மதியப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, உப்பு வண்டிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"இங்க மருதப்பன் யாருங்க? உங்க அண்ணன் சொல்லிவிட்டாரு. ஊர்ல ஒரே களேபரமாம். உடனே வரணுமாம்."

மருதப்பன் சிரித்தான். "தேரோட்டம் இல்லையா, மாடு கீடு மிரண்டிருக்கும்."

"உங்க அண்ணன் அடிக்கடி இப்படிச் சொல்லிவிடுவாரா?" என்றார் சாமி.

"அவரு எங்க சாமி வாயைத் திறக்குறாரு? அது நான் பேசுற பேச்சு."

"கிளம்பு."

"மோரை ஊத்திக்கிட்டுக் கிளம்புறேன்."

மோர் ஊற்றிக்கொண்டான். மறுபடியும் ஊற்றிக்கொண்டான். வெயில் தாழட்டும் என்று கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது, வீடு இருந்த வடக்குத் தெருவே இல்லை. தேர் எந்தத் தெருவில் திரும்புவது என்று மூண்ட சண்டையில் கூரைகளுக்குத் தீ வைத்திருந்தார்கள். அண்ணன் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா?"

"கூப்பிட்டேன். வரலை. சின்னவனுக்கு ஆள் போயிருக்கு, அவன் வந்து வீடு பூட்டிக் கிடந்தா பயந்துடுவான்னு சொல்லிட்டா. பிள்ளைங்களை ஊருக்கு வெளியே விட்டுட்டு நான் திரும்புறதுக்குள்ள..."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப கிளம்பினே?"



காரியம் முடிந்து, மழித்த தலையோடு மடத்துக்குத் திரும்பினான். மறுநாள் காலை கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பால் குடத்தை உருட்டிவிட்டது.

"ஒரே களேபரம் சாமி" என்று மடைப்பள்ளியிலிருந்து சமையல்காரன் சுடலைமுத்து குரல் கொடுத்தான். மருதப்பனிடம் கற்ற பேச்சு.

மருதப்பன் வாசலை நோக்கி ஓடினான். பாதி வழியில் நின்றான். திரும்பி வந்து சாமியின் எதிரே உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அண்ணன் வேற என்ன சொல்லிவிட்டிருந்தா நான் இலையை விட்டு எழுந்திருப்பேன், சாமி?"

சாமி கொட்டிய பாலின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க அண்ணன் சரியான சொல்லைத்தான் அனுப்பினாரு. நீதான் அதுல ஒண்ணும் மிச்சம் வைக்கலை."