வேம்பு வாங்கிக்கொண்ட கசப்பு

அந்தக் காலத்தில் மரமும் மாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. வேப்பிலையோ கரும்பாய் இனித்தது.

ஒரு வேப்பமரத்தடியில் காராயி என்பவள் குடியிருந்தாள். அவளுடைய மகன் சடையன் பல் முளைத்து ஓடித் திரிகிற பிள்ளை; ஆயினும் தாய்ப்பாலன்றி வேறொன்றும் தொடமாட்டான். அவனுக்குத் தங்கை பிறந்தாள். பால் இருவருக்கும் போதவில்லை. பச்சைக் குழந்தை வாடிக்கொண்டே வந்தது; அழுவதற்கும் அதற்குத் தெம்பில்லை.

"பால் தீர்ந்துபோயிற்றடா, கண்ணே" என்று பொய் சொல்லிப் பார்த்தாள் காராயி.

"பாப்பா வாயில் மட்டும் வழிகிறதே!" என்றான் சடையன். அவன் உதடு பிதுங்கியதும் அவள் மனம் இளகிற்று, மடியில் கிடத்திக்கொண்டாள்.

கட்டுத்தறியில் நின்ற பசு சிரித்தது. "நானாயிருந்தால் ஓர் உதை விட்டிருப்பேன், கன்று தானே புல்லுக்குப் போய்விடும்."

"உனக்கு நான்கு கால், அம்மா, உதைத்தாலும் நிற்பாய். என் பிள்ளை என்னை வெறுத்தால் நான் விழுந்துவிடுவேன்."

அதைக் கேட்ட வேம்பு, "அந்த வெறுப்பு என்மேல் விழட்டுமே" என்றது. வேரை ஆழ இறக்கி, மண்ணுக்கடியில் கிடந்த கசப்பையெல்லாம் உறிஞ்சியது. பட்டையிலும் கொழுந்திலும் கசப்பு ஏறியது. கிளையிலிருந்த கிளி ஓர் இலையைக் கடித்துத் துப்பியது.

"பைத்தியக்கார மரமே! இனி நிழலுக்கன்றி உன்னிடம் எவர் வருவார்?"

"நிழலுக்கு வந்தால் போதாதா?" என்றது வேம்பு.

காராயி கொழுந்தை அரைத்து மார்பில் பூசிக்கொண்டாள். வாய் வைத்த சடையனின் முகம் கோணிற்று.

"தூ! என்னம்மா இது?"

"வேப்பிலையடா."

அவன் ஓடிப்போய் மரத்தை உதைத்தான். "பொல்லாத மரமே! என் அம்மாவின் பாலைக் கெடுத்துவிட்டாயே!" பிறகு தாயிடமே திரும்பி வந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான், அவள் ஊட்டிய கேழ்வரகுக் கூழை விக்கி விக்கிக் குடித்தான். மரத்தின் நன்மையைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். வேம்பு இலையசைத்துத் தடுத்தது.

காராயி மார்பைக் கழுவிவிட்டுச் சிறியவளுக்குப் பால் கொடுத்தாள். குழந்தை வயிறாரக் குடித்தது; வீடு அதிர அழவும் தொடங்கியது.

"பாலை நிறுத்திவிட்டாய் போலிருக்கிறதே!" என்றது பசு.

"நானா நிறுத்தினேன்? வேம்பல்லவா மறக்கடித்தது!" என்றாள் காராயி.

கோடை வந்தது. தன்னை உதைத்த பிள்ளைக்காக வேம்பு பழைய இனிப்பில் ஒரு துளியை ஒளித்து வைத்திருந்தது. உதிர்ந்து கிடந்த மஞ்சள் பழத்தைச் சடையன் சப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, மரத்துக்குக் கோபம் போய்விட்டது!" என்று கூவினான்.

அன்று முதல்தான் வேப்பிலை கசக்க, வேப்பம்பழத்தில் மட்டும் சிறிது தித்திப்பு இருக்கிறது. பிள்ளையைத் தாய்ப்பாலிலிருந்து விலக்குவதைப் 'பால் மறக்கடித்தல்' என்று தாய்மார்கள் சொல்வதும் அன்று முதல்தான்.