பழைய பட்டியல்

குரு கமருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்று. சீடர் குருவை "மேடம்" என்பார். குரு சீடரை "சார்" என்பார்.

ஊர் ஊராக உள்ள நூலகக் கணினிகளுக்கான மென்பொருள் களஞ்சியம் இவர்கள் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் நிறுவி என்றொரு சின்ன நிரல் உண்டு. அது களஞ்சியத்துக்கு வந்து, அங்கே என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியலைப் படித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகும்.

ஓர் ஆண்டு உழைத்துச் சீடர் புதிய பட்டியல் எழுதியிருந்தார். படிக்கப் பத்து மடங்கு வேகம். அன்று பன்னிரண்டு மணிக்கு வெளியீடு. சோதனைக்காக, பழையது இருந்த இடத்தில் புதியதை வைத்திருந்தார்.

"பழசை ஒரேயடியா தூக்கிடலாமா, மேடம்?"

குரு அலமாரியிலிருந்து தூசி படிந்த மடிக்கணினியை எடுத்து வந்து வைத்தார். மலையூர் நூலகம் ஒன்றிலிருந்து பழுது பார்க்க வந்தது. அதிலிருந்த நிறுவிக்கு வயது பதினொன்று.

"இதுல ஓட்டிப் பாருங்க, சார்."

ஓட்டினார். 'பட்டியல் புரியவில்லை' என்று நின்றுவிட்டது.

"இது எந்தக் காலத்து நிறுவி! புதுசைப் போட்டுக்கச் சொல்லுங்க."

"புதுசு எங்க கிடைக்கும்?"

"நம்ம களஞ்சியத்துலதான்."

"அதை எடுத்துட்டுப் போகப்போறது யாரு?"

"நிறுவிதான்."

"எந்த நிறுவி?"

சீடர், நின்றுபோயிருந்த பழைய நிறுவியைத் திரும்பிப் பார்த்தார். மணி பதினொன்று பத்து.

"அப்போ வெளியீடு அவ்வளவுதானா, மேடம்? ஒரு வருஷ உழைப்பு..."

"பழைய பட்டியல் உங்களை என்ன சார் பண்ணுச்சு?"

சீடர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய பட்டியலை அதன் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தார். புதியதற்கு வேறு முகவரி கொடுத்தார். பழையதன் கடைசியில், புதிய நிறுவி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு வரி சேர்த்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி ஓட்டினார். கிழட்டு நிறுவி எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தது. புதிய நிறுவியைக் கொண்டுவந்து சேர்த்தது. புதியது, புதிய பட்டியலை ஒரே மூச்சில் படித்து முடித்தது.

"வந்துடுச்சு மேடம்! பதினோரு வருஷத்துப் பெட்டி, வந்துடுச்சு!"

சீடர் மேசையைக் குத்தினார். பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். பன்னிரண்டுக்குப் பட்டியல் வெளியானது. ஒரு நூலகம்கூட விட்டுப்போகவில்லை.

சத்தம் அடங்கியதும் குரு திரையில் இருந்த புதிய பட்டியலில் விரல் வைத்தார்.

"முதல் வரியில பதிப்பு எண்ணைக் காணோமே. ஒண்ணுன்னு போடுங்க."

"எதுக்கு மேடம்? இனிமே இதை மாத்த வேண்டிய அவசியமே வராது."

குரு சிரித்தார்.

"பழைய பட்டியலை எழுதி முடிச்ச அன்னைக்கு, நானும் இதையேதான் சார் சொன்னேன்."