குட்டைக் கை அங்கி

லாடிப்போ அன்று கோயிலுக்கு வந்ததே சண்டை போடத்தான்.

இஃபே ஊரில் ஓபதாலாவின் கோயில் அது. களிமண்ணைப் பிசைந்து மனிதர்களைச் செய்கிற, வெள்ளை உடுத்தும் தெய்வம் ஓபதாலா. அவருடைய அடியார்கள் கள்ளைத் தொடமாட்டார்கள். அடியார்களில் ஒருவரான தையல்காரர் லாடிப்போவோ, திருவிழா நாளும் அதுவுமாக, குடுவை நிறையக் கள்ளோடு வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பிறவியிலேயே வலது கால் வளைந்தவர்.

குரு ஆதுன்கே வெளியே வந்தாள். சீடரான லாடிப்போவைவிட வயதில் இளையவள்.

"என்ன தையல்காரரே, விருந்தா?"

"இதை உங்கள் சாமி முன்னால் குடித்துவிட்டுப் போகப்போகிறேன். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்."

"சாமி என்ன பண்ணினார்?"

"கள்ளைக் குடித்துவிட்டுப் போதையில் என் காலைக் கோணலாகப் பிசைந்தார். ஊருக்கே தெரிந்த கதை. காலையில் திருவிழா ஆட்டத்தில் இடறி விழுந்தேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். தப்புச் செய்த தெய்வத்தை நான் ஏன் அம்மா கும்பிட வேண்டும்?"

பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆதுன்கே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். வெள்ளை அங்கியின் ஒரு கை மணிக்கட்டுவரை வந்தது. மற்றது முழங்கையோடு நின்றுவிட்டது.

"இதைத் தைத்தது யார்?"

லாடிப்போ தலையைச் சொறிந்தார். "நான்தான்."

"கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்?"

"துவைத்தால் சரியாகிவிடும் என்றேன்."

"போன மழைக்காலத்திலிருந்து துவைத்துக்கொண்டே இருக்கிறேன்."

அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள்.

"சாமி போதை தெளிந்து உங்கள் காலைப் பார்த்தாரே, என்ன சொன்னாராம்?"

"அழுதாராம். இப்படிப் பிறந்தவர்கள் எல்லாரும் இனி என் சொந்தப் பிள்ளைகள் என்றாராம்."

"கள்ளை?"

"அன்றைக்கே விட்டுவிட்டாராம்."

"இன்றைக்கு வரைக்கும் தொடவில்லை. நீங்கள்தான் வாசல்வரை கொண்டுவந்துவிட்டீர்கள்."

லாடிப்போ குடுவையைப் பார்த்தார். தெருவில் மேளக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு அவர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு ஏகக் கொண்டாட்டம்.

திரும்பி வந்தவர் கூச்சத்தோடு சொன்னார்: "அங்கியைக் கொடுங்கள் அம்மா. நாளைக்கே நல்ல கையாக வைத்துத் தருகிறேன்."

"கை கிடக்கட்டும், தையல்காரரே. சாமி தன் தப்புக்கு அழுது, கள்ளை விட்டார். 'துவைத்தால் சரியாகிவிடும்' என்ற நீங்கள் எதை விடப்போகிறீர்கள்?"