பாகு கிண்டின வால்

அந்தக் காலத்துல, பல்லி, தவளை, ஓணான் எல்லாம் நம்மள மாதிரியே வாய் ஓயாம பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒரு சாயங்காலம் வடிவுங்கிற பல்லியோட வால் வெல்லப்பாகுல மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல. திருகினாலும் வரல. சட்டிக்குள்ள பாகு இறுகிக்கிட்டே போகுது, வெளிய பொழுது இறங்கிக்கிட்டே போகுது.

"ஏடி, நல்லா இழுடி!"ன்னு பக்கத்துல நின்ன தவளை கத்தினா.

"இழுக்கத்தான் செய்யறேன்! எல்லாம் உன் வாயாலதான்!"

"என் வாய் என்னடி பண்ணுச்சு? உள்ள இருக்கறது உன் வால்தானே?"

வால் எதுக்குப் பாகுக்குள்ள போச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

அப்பல்லாம் பல்லிங்க வீட்டுல கரண்டி கிடையாது. வால்தான் கரண்டி. நீளமா, வழவழன்னு, நுனியில ஊசி மாதிரி இருக்கும். கழண்டு வர்ற வால் இல்ல அது. உடம்போட உடம்பா, கெட்டியா இருந்த வால். வடிவு அந்த நுனியைப் பாகுல தொட்டுத் தூக்குவா. கம்பி மாதிரி இழுபட்டா சரி, இன்னும் கொஞ்ச நேரம். ஒரு சொட்டை தண்ணியில உதறிப் பாப்பா. கரையாம உருண்டு நின்னா பதம் வந்தாச்சு. உடனே வறுத்து வெச்சதை உள்ள கொட்டி, வாலைச் சுழட்டிச் சுழட்டிக் கிண்டணும். நிறுத்தவே கூடாது. நிறுத்தினா கல்லு. அவ்வளவுதான் தொழில்.

ஊர்லயே வடிவு மாதிரி பதம் பாக்க ஆள் இல்ல. ஆனா அவளைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் கடைசியில ஒண்ணு சேத்துக்குவாங்க: "வால் நல்ல வால்தான், வாய்தான் சும்மா இருக்காது."

சரி, பாகு எதுக்கு? ஈசல் பண்டிகைக்கு!

முதல் மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் மண்ணுக்குள்ள இருந்து ஈசல் பொலபொலன்னு கிளம்பும் பாருங்க, அன்னைக்குத்தான் பண்டிகை. எல்லா வீட்டுலயும் ஈசலைப் புடிச்சு, இறக்கையை உதுத்துட்டு, வறுத்து, அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச பலகாரம் செய்வாங்க. பூவரச இலையில பொட்டலம் கட்டி சொந்தக்காரங்களுக்கும் சிநேகிதங்களுக்கும் கொண்டுபோய்க் குடுப்பாங்க. தவளை கொசு வடகம் போடுவா. அது யாருக்குமே புடிக்காது, ஆனா எல்லாரும் "பிரமாதம்"னு சொல்லி வாங்கி வெச்சுக்குவாங்க. ஆமை வீட்டுப் பொட்டலம் அடுத்த பண்டிகைக்குத்தான் வந்து சேரும். அதையும் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வடிவு வீட்டுல ஈசல் உருண்டை. வறுத்த ஈசல், அரிசிப் பொரி, வெல்லப்பாகு. வாயில போட்டா கரையும்.

இதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பொழுது சாயறதுக்குள்ள, தின்னக்கூடிய பலகாரமாப் பொட்டலம் போய்ச் சேரணும். ஒரு வருஷம் தப்பினா மன்னிச்சு விட்டுடுவாங்க. ரெண்டாவது வருஷமும் தப்பினா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எப்பவுமே பேச்சு கிடையாது. நல்லதுக்கும் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது.

வடிவு ஒரு வருஷத்தை ஏற்கெனவே தொலைச்சிருந்தா.

அவளோட அண்ணன் கட்டினது ஒரு ஓணானை. பேரு பேச்சி. வேலி மேலதான் வீடு. போன பண்டிகைக்கு வடிவு மதினிக்கு உருண்டை கிண்டறப்ப, வழியில போன மரவட்டையைக் கூப்பிட்டு ஊர்க்கதை கேட்டுக்கிட்டே கிண்டினா. கேக்கற சுவாரசியத்துல வால் நின்னு நின்னு போச்சு. உருண்டை கல்லாயிடுச்சு. அதையும் கட்டிக் குடுத்து அனுப்பிட்டா. பேச்சி எல்லார் முன்னாடியும் ஆசையா ஒரு கடி கடிச்சா. 'டக்'குன்னு ஒரு சத்தம். முன்பல்லு போச்சு.

"உங்க அண்ணனைக் கட்டினதுக்கு இதுதான் சீரா?"ன்னு கேட்டா பேச்சி.

வடிவு அங்கயாவது வாயை மூடியிருக்கலாம். "பல்லுல தெம்பு இல்லன்னா பலகாரத்தைக் குத்தம் சொல்லாதீங்க"ன்னு பதிலுக்கு ஒரு போடு போட்டா.

கல்லை மன்னிச்சிருப்பா பேச்சி, அந்தப் பதிலை மன்னிக்கல. ஒரு வருஷமா பேச்சில்ல. அண்ணன்காரன் பாவம், இங்க வந்தா "அங்கயே போ"ம்பாங்க, அங்க போனா "இங்க ஏன் வந்தே"ம்பாங்க. பாதி நாள் வேலிக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த கல்தூண்லயே ஒட்டிக்கிட்டு இருந்தான்.

இதுல இந்த வருஷம் பேச்சி முட்டை போட்டிருந்தா. எந்த நேரமும் பொரியலாம். குஞ்சு வெளிய வந்ததும் முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியது அத்தைதான். வடிவுக்கு வேற அண்ணன் கிடையாது. இன்னைக்குப் பொட்டலம் போகலன்னா அவ யாருக்குமே அத்தை இல்ல. அந்தப் புள்ளைங்க வேலியில விளையாடறதை சுவர்ல இருந்து எட்டிப் பாத்துக்க வேண்டியதுதான்.

அதனால காலையிலேருந்து வடிவு வாயே திறக்கல. நெசமாவே! ஈசல் புடிக்கறப்பவும் பேசல, வறுக்கறப்பவும் பேசல. எட்டுக்கால் பூச்சி நின்னு "என்ன வடிவு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டுப் போனா. அதுக்கும் தலையை மட்டும் ஆட்டினா. பாகு கம்பி இழுத்துச்சு, தண்ணியில உருண்டுச்சு. அடுப்பை அணைச்சு, ஈசலையும் பொரியையும் கொட்டி, கிண்ட ஆரம்பிச்சா.

அப்பத்தான் தவளை வடகப் பொட்டலத்தோட குதிச்சு வந்தா.

"ஏடி வடிவு, உன் மதினி காலையிலேருந்து வேலி உச்சியிலயே உக்காந்திருக்காடி. உன் வீட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு."

வடிவு பல்லைக் கடிச்சுக்கிட்டு கிண்டினா. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல வாய் தாங்கல.

"எப்படிப் பாக்கறா? கோவமாவா, ஆசையாவா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"மூஞ்சியை வெச்சுக் காட்டுடி."

தவளை மூஞ்சியை வெச்சுக் காட்டினா. தவளைக்கு இருக்கறது ஒரே மூஞ்சி. கோவம்னாலும் அதான், ஆசைன்னாலும் அதான், பசின்னாலும் அதான். வடிவு உத்து உத்துப் பாத்தா.

"இது கோவம்தானே?"

"இரு, இன்னொரு தடவை பண்றேன். இப்போ?"

"இதுவும் அதே மாதிரிதான்டி இருக்கு. கண்ணைக் கொஞ்சம் சுருக்கு. இன்னும். ஆங்... இல்ல, இப்போ பசிச்ச மாதிரி இருக்கு."

(குக்கர் விசில் அடிச்சுருச்சு, அணைச்சுட்டு வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், மூஞ்சி.)

இப்படி மூஞ்சி பாத்துக்கிட்டு இருந்ததுல வால் நின்னு போனது வடிவுக்கே தெரியல. திரும்பிக் கிண்டலாம்னு அசைச்சா, அசையல. சட்டி முழுக்க ஒரே கட்டியா இறுகிட்டு இருக்கு, நட்ட நடுவுல வால்.

"அடுப்பை மறுபடி மூட்டட்டா?"ன்னு தவளை கேட்டா.

"மூட்டினா ஈசலோட சேந்து என் வாலும் வறுபட்டுடும்."

"தண்ணி ஊத்தட்டா?"

"ஊத்தினா பாயசமாயிடும். பாயசத்தை இலையில கட்டி எடுத்துக்கிட்டுப் போவியா நீ?"

"விடு, நான் போய் உன் மதினிகிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன். வால் மாட்டிக்கிச்சு, வர முடியலன்னு."

"போன வருஷம் கல்லு, இந்த வருஷம் சாக்கா? நம்புவாளா? நீயா இருந்தா நம்புவியா?"

"நம்ப மாட்டேன்"னு தவளை ஒத்துக்கிட்டா.

வெளிய வேலியோட நிழல் நீண்டு நீண்டு சட்டி வரைக்கும் வந்துடுச்சு. வடிவு அசைச்சுப் பாத்தா. கொஞ்சமா அசைச்சாலே சுரீர்னு வலி. பாகு தோலோட புடிச்சிருக்கு. பயந்து பயந்து அசைச்சா. பாகு அதை மதிக்கவே இல்ல, இன்னும் இறுகுச்சு.

அந்த வால் மேல வடிவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கல்யாண வீட்டுக்குப் போனா சுவத்துல முதல்ல வாலைத்தான் நாலு பேர் பாக்கற மாதிரி நீட்டிப் போடுவா. அப்புறம்தான் மத்த உடம்பு. அந்த வாலை ஒரு தடவை திரும்பிப் பாத்தா. வேலியை ஒரு தடவை பாத்தா. சட்டி ஓரத்துக் கல்லை நாலு காலாலயும் கெட்டியாப் புடிச்சா, கண்ணை மூடினா, தன் பலம் முழுக்க சேத்து முன்னாடி பாஞ்சா.

டப்!

வடிவு ஒரு பக்கம் போய் விழுந்தா. வால் சட்டியிலயே நின்னுச்சு.

தவளை "ஐயோ"ன்னு எகிறிக் குதிச்சு, அடுத்த நிமிஷம் "ஐயையோ!"ன்னு இன்னொரு தடவை குதிச்சா.

"ஏடி, அது ஆடுதுடி! தானா ஆடுதுடி!"

நெசமாவே ஆடுச்சு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம், சுழட்டிச் சுழட்டி, வடிவு ஜென்மத்துல அவ்வளவு வேகமாக் கிண்டினது இல்ல. உடம்போட இருந்த வரைக்கும் வலிக்கும்னு பயந்து பயந்து அசைஞ்ச வாலு. இப்போ அதுக்கு வலியும் இல்ல, பேச்சுக் கேக்கக் காதும் இல்ல. ஒரே வேலைதான். பாகு முதல்ல விரிசல் விட்டுச்சு, அப்புறம் பொலபொலன்னு உதிர்ந்துச்சு, அப்புறம் இளகிப் பளபளன்னு திரண்டு வந்துச்சு.

"பயப்படாத"ன்னா வடிவு. "பாகு கிண்டுது. அது வேலையை அது பாக்குது."

வால் ஓயற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாம உக்காந்து பாத்தாங்க. தவளை பேசாம இருந்தது அதுதான் முதல் தடவை. வால் அடங்கினதும் வடிவு அதை மெதுவா எடுத்து ஓரமா வெச்சா. சூடு ஆறுறதுக்குள்ள உருண்டை புடிச்சா, பூவரச இலையில கட்டினா, வாயில கவ்விக்கிட்டு ஓடினா. வால் இல்லாம ஓட வரல. வளைவுல எல்லாம் சாஞ்சு சாஞ்சு விழுந்தா.

வேலி உச்சியில பேச்சி முதுகுல கடைசி வெயில் பட்டுக்கிட்டு இருந்துச்சு.

"யாரது கீழ, மொட்டையா? தேரையா?"

வடிவு பொட்டலத்தைக் கீழ வெச்சா. "நான்தான் மதினி."

பேச்சி இறங்கி வந்தா. பொட்டலத்தைப் பாத்தா, வடிவைப் பாக்கல. "இந்தத் தடவை என்ன, கருங்கல்லா, செங்கல்லா?"

வழக்கமா இதுக்கு வடிவுகிட்ட பத்து பதில் இருக்கும். "கடிச்சுப் பாருங்க மதினி"ன்னு மட்டும் சொன்னா.

"போன பல்லே இன்னும் முளைக்கல. இன்னொண்ணும் போச்சுன்னா உங்க அண்ணனா மென்னு ஊட்டுவாரு?"

"ஊட்டறேன்"னு கல்தூண்ல இருந்து அண்ணன் குரல் குடுத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

பேச்சி ஒரு உருண்டையை எடுத்து, பல்லு இருக்கற பக்கமா வெச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கடிச்சா. எல்லாரும் 'டக்'குக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. சத்தமே வரல. உருண்டை கரைஞ்சு வாய் முழுக்க ஒட்டிக்கிச்சு. மேல்வாயும் கீழ்வாயும் பிரியல.

"கல்லா மதினி?"ன்னு வடிவு கேட்டா.

பேச்சிக்கு வாயைத் திறக்க முடியல. 'இல்லை'ன்னு தலையை ஆட்டினா.

"நல்லாருக்கா?"

தலையை மேலயும் கீழயும் ஆட்டினா. நிறுத்தாம ஆட்டினா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வழியா முழுங்கிட்டு, அப்பத்தான் வடிவை முழுசாப் பாத்தா.

"வால் எங்க?"

"பாகுல விட்டுட்டேன்."

"எதுக்குடி?"

"பொழுது சாயுதே மதினி."

பேச்சி வேலி இடுக்குல கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தா. காலையிலயே கட்டி வெச்சது போல, இலையெல்லாம் வாடிப் போயிருந்துச்சு. வடிவு முன்னாடி அதை வெச்சா.

"பாத்தியா, ஆசையாத்தான் பாத்திருக்கா! நான் அப்பவே மூஞ்சி வெச்சுக் காட்டினேன்ல!"ன்னா பின்னாலயே குதிச்சு வந்து சேர்ந்த தவளை.

"நீ வாயை மூடு"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க.

"உள்ள வா வடிவு"ன்னா பேச்சி. "முட்டை விரிசல் விட்டுடுச்சு. பேர் சொல்ல அத்தை வேணாமா?"

வடிவுக்கு வால் மறுபடி முளைச்சுச்சு. ஆனா பழைய நீளமும் இல்ல, பழைய வழவழப்பும் இல்ல, புடிப்பும் அவ்வளவா இல்ல. அவ அதைப் பத்தி ஒரு நாளும் குறை சொன்னதில்ல. எப்ப வேணும்னாலும் கழட்டிக் குடுக்கறதுக்கு அதுதான் வசதின்னு சொல்லிக்கிட்டா.

அன்னையிலேருந்துதான் பல்லி அவசரம்னா வாலை விட்டுட்டு ஓடுது. விட்ட வால் தரையில கிடந்து துடிக்குதே, அது துடிப்பு இல்ல, இன்னும் பாகு கிண்டிக்கிட்டு இருக்கு. ஓணான் வேலியில உக்காந்து தலையாட்டறது அந்த உருண்டைக்கு. பல்லி இத்தனை இடம் இருக்க அடுப்படிச் சுவத்தையே புடிச்சுக்கிட்டு இருக்கறதும் அதனாலதான்: யாராவது பண்டிகைக்குப் பாகு வெச்சுட்டு, கிண்டறதை விட்டுட்டு வாசல்ல கதை பேச நின்னா, மேல இருந்து "ச்சு, ச்சு, ச்சு"ன்னு சொல்லும். போன வாரம் நான் அடுப்புல பாகை வெச்சுட்டு போன் எடுத்தப்ப எனக்கும் சொல்லுச்சு, நான்தான் காதுல வாங்கல. உங்க வீட்டுலயும் சொல்லியிருக்கா?