டீச்சர் வீட்டுப் பூட்டு

மில் மூடி, சங்குச் சத்தம் நின்றுபோன பிறகு எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்குப் போக்கிடம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசலில் 'குடும்ப உதவி மையம்' என்று பலகை தொங்கும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. டீச்சர் வீடு என்பார்கள்.

அமிர்தம் டீச்சர் பால்வாடியில் வேலை பார்த்தவர். மையத்தை நடத்தியவர் அவர்தான். அவருடைய சீடர் வெள்ளிங்கிரி. சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுவார்.

மையத்தில் ஒரு மர அலமாரி. அரிசி, பருப்பு, குழந்தைத் துணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள். அதில் ஒரு பித்தளைப் பூட்டு. அத்தனை பிடிவாதமான பூட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாராவது வந்து தயங்கி நின்றால் டீச்சர் சாவியை நீட்டுவார்.

"இது என் கைக்குத் தெறக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

வந்தவர் மல்லுக்கட்டித் திறப்பார். திறந்ததும் முகம் கொஞ்சம் தெளியும்.

"தெறந்தது தெறந்தீங்க, வேணுங்கறத எடுத்துக்குங்க" என்பார் டீச்சர்.

பூட்டைச் சரி பண்ணட்டுமா என்று வெள்ளிங்கிரி கேட்கும்போதெல்லாம், "அப்புறம் பாக்கலாங்கண்ணா" என்று தள்ளிப்போட்டுவிடுவார்.

ஒரு வைகாசியில் டீச்சர் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய், இரண்டு மாதம் தங்கை வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. மையம் வெள்ளிங்கிரியின் பொறுப்பு. மறுநாளே புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். தொட்டால் திறந்துகொள்ளும். யார் வந்தாலும் என்ன வேண்டும் என்று கேட்டு, தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆடியில் டீச்சர் திரும்பி வந்தபோது அலமாரி நிறைய அரிசி இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"யாரும் வர்றதில்லீங்க டீச்சர்" என்றார் வெள்ளிங்கிரி. "நான் ஒருத்தரையும் கடிஞ்சு பேசலைங்க."

டீச்சர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மில்லுல ஸ்பின்னிங்ல இருந்த மாரப்பன் தவறிட்டாருங்க. அவரு சம்சாரம் கண்ணம்மா மூணு நாளா கேட் வரைக்கும் வருது. என்னம்மா வேணும்னு கேட்டா, சும்மா வந்தனுங்கன்னு திரும்பிப் போயிடுது. அரிசியை வீட்டுக்கே கொண்டுபோனேன். எங்ககிட்ட இருக்குதுங்கன்னு சொல்லிருச்சு. இல்லீங்க டீச்சர். ரெண்டு கொழந்தைங்களும் பட்டினி. நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

டீச்சர் அலமாரியைப் பார்த்தார்.

"பழைய பூட்டு எங்கீங்கண்ணா?"

"டூல் பெட்டியில கெடக்குதுங்க."

"நீங்க மொத நாள் இங்க எதுக்கு வந்தீங்க?"

"பூட்டைத் தெறந்து குடுக்கத்தான்." யோசிக்காமல் சொன்னார். டீச்சர் பூட்டோடு திணறியதையும், தான் போய் ஒரே நிமிஷத்தில் திறந்ததையும் அவர் லைன் முழுக்கச் சொல்லாத வீடில்லை.

"அப்ப உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

வெள்ளிங்கிரிக்கு அந்த நாள் நினைவு வந்தது. மில் மூடிய வருஷத்து ஐப்பசி. விடாத தூறல். சட்டைக்குள் மடித்துச் செருகிய மஞ்சள் பை. சந்து முனைவரை வந்து மூன்று முறை திரும்பிப் போனது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பையை அவர் மறந்தே போயிருந்தார்.

"பை" என்றார்.

"அன்னைக்கு இந்த மையத்துல நான் ஒருத்திதானுங்க" என்றார் டீச்சர். "காலையில அலமாரியைத் தெறந்து அரிசி நெரப்புனது யாருங்கண்ணா?"

வெள்ளிங்கிரிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய், புதுப் பூட்டைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார்.

சாயங்காலம் கேட் பக்கம் கண்ணம்மா நின்றாள். முந்தானைக்குள் என்னவோ மடித்து வைத்திருந்தாள். வெள்ளிங்கிரி சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அவர்.

"அம்மிணி, ஒரு ஒத்தாசை பண்ணு" என்றார். "இந்தப் பூட்டு என் கைக்குத் தெறக்க மாட்டேங்குது."